என்விடிஏ திரைநவிலி: நம் புகாருக்கு ஒரு எண் கிடைக்கிறது

ஐந்துக்கு நாலரை. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த அரையை எதற்குக் குறைத்தேன் என்பது போகப்போகத் தெரியும்.

நான் பிறவியிலிருந்தே பார்வையற்றவன். பதினோரு வருடமாக அலுவலகத்திலும் வீட்டிலும் விண்டோஸ் கணினியில் எனக்கு என்விடிஏதான். காலையில் கணினியைத் திறந்ததும் காதில் விழும் குரல் அது, சனிக்கிழமை சாயந்திரம் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதுவே. இத்தனை வருடம் எழுதாத விமர்சனத்தை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறொரு செயலி. அந்தக் கதை பிறகு வருகிறது, முதலில் பொருளைப் பற்றிப் பேசிவிடலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திரையில் இருப்பதைக் குரலாகவோ பிரெயிலாகவோ தரும் மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர், தமிழில் திரைநவிலி. என்விடிஏ இலவசம். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். 2006 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் இதை எழுத ஆரம்பித்தார், பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார், அவரும் பார்வையற்றவர். சின்ன வயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமானவர்கள் இருவரும். அந்தக் காலத்தில் ஜாஸ் மாதிரியான திரைநவிலியின் விலை பல சமயம் கணினியின் விலையையே தாண்டும். பார்வையுள்ளவர் கணினியை வாங்கிவிட்டால் போதும், நாங்கள் கணினியையும் வாங்கி, அதைத் தொடுவதற்கு இன்னொரு முறையும் பணம் கட்ட வேண்டும். அது சரியில்லை என்று பட்டதால்தான் கர்ரன் உட்கார்ந்து எழுதினார். 2007-இல் என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கில்லாத அமைப்பைத் தொடங்கினார்கள், நன்கொடையிலும் நிதியுதவியிலும் இன்றுவரை அது ஓடுகிறது. வெப்எய்ம் என்ற இணைய அணுகல்தன்மை அமைப்பு திரைநவிலிப் பயனர்களிடம் நடத்திய கணக்கெடுப்பின் 2024 முடிவுகளில், ஜாஸை முதன்மையாக வைத்திருப்பவர்கள் 40.5 சதவீதம், என்விடிஏ 37.7 சதவீதம். காசு வாங்காத ஒரு பொருள் அந்த அளவுக்கு வந்து நிற்கிறது.

பயன்பாட்டுக்கு வருவோம். இன்சர்ட்டையோ கேப்ஸ்லாக்கையோ என்விடிஏ விசையாக வைத்துக்கொள்ளலாம். வலைப்பக்கத்தில் எச் தட்டினால் தலைப்புத் தலைப்பாகத் தாவும், கே தட்டினால் இணைப்புகள், பி (B) தட்டினால் பொத்தான்கள், எஃப் தட்டினால் படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்கள். என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்பு, தலைப்பு எல்லாம் ஒரே பட்டியலாக வந்துவிடும், நீளமான அரசாணைப் பக்கங்களில் எனக்கு உயிர் காப்பது அதுதான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது என்விடிஏ விசையோடு 1. அதை அழுத்திவிட்டால் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் மட்டும் சொல்லும், எதையும் செய்யாது. கெட்டுப்போய்விடுமோ என்று விசைப்பலகையின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், இதைக் காட்டியதும் அரை மணி நேரம் வரிசை வரிசையாகத் தடவித் தடவிக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் குறுக்கிடவே இல்லை. அப்புறம் பென் டிரைவ் வசதி. ஒரு பிரதியை அதில் போட்டு எடுத்துப் போனால் பிரவுசிங் சென்டர் கணினியிலும் நிறுவாமலேயே ஓட்டலாம். கோப்பு இறங்கும்போது பீப் ஒலி படிப்படியாக ஏறிக்கொண்டே போகும், எவ்வளவு முடிந்தது என்று சுருதியை வைத்தே தெரிந்துவிடும்.

தமிழ்க் குரல்தான் பலர் கேட்கிற கேள்வி. கூடவே வருகிற ஈஸ்பீக் தமிழ் இயந்திரத்தனமாக இருக்கும், முதல் வாரம் காது வலிக்கும், ஆனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொல் சிதையாது, அதனாலேயே நான் அதை விட்டதில்லை. மனிதக் குரல் மாதிரி வேண்டும் என்றால் விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் இருக்கிறது, அதை இறக்கி என்விடிஏவில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தமிழ் பிரெயிலும் உண்டு. பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்தான் பெரிய இம்சை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரும். திரையில் பார்ப்பவருக்கு அழகான தமிழ், எனக்கு ஜேகேபிஓ. அது என்விடிஏவின் குற்றமில்லை, ஆனால் இன்னமும் அப்படி ஆவணம் போடுகிறவர்கள் இதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, அந்த வேறொரு செயலியின் கதை.

சில வருடங்களுக்கு முன் பணம் அனுப்பும் செயலி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் எங்களைக் கூப்பிட்டது. பார்வை மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்தே இதை வடிவமைக்கப் போகிறோம், உங்கள் பங்களிப்பு வேண்டும் என்றார்கள். ஒரு ஓட்டல் அரங்கில் பன்னிரண்டு பேர் கூடினோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம், விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நாங்கள் ஒவ்வொருவரும் பேசப் பேச ஓர் இளைஞர் அதை மஞ்சள் ஒட்டுத்தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டே வந்தார். மதியத்துக்குள் சுவரே நிறைந்துவிட்டது என்று சொன்னார்கள். நான் சொன்னது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் மரியாதையாக என் கையைப் பிடித்து ஒரு தாளின் மேல் வைத்து, “இதோ, இங்க இருக்கு சார்” என்றார். விரலுக்கு வழவழப்பான காகிதம் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். பன்னிரண்டு பார்வையற்றவர்கள் இருக்கிற அறையில், அவர்கள் சொன்னதற்கான ஒரே பதிவு அவர்களால் படிக்க முடியாத சுவரில் இருந்தது.

நான் சொன்னது இதுதான்: ஓடிபி வந்த பிறகு அறுபது வினாடி எண்ணும் கடிகாரம் திரையில் ஓடுகிறது, அதைத் திரைநவிலி ஒவ்வொரு வினாடியும் வாசிக்கிறது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு என்று, அந்தச் சத்தத்தில் நான் அடிக்கிற எண் என் காதிலேயே விழுவதில்லை, தப்பாக அடித்தேனா சரியாக அடித்தேனா என்று தெரிவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அந்த எண்ணிக்கையைத் தானாக வாசிக்காமல் வைத்துவிட்டு, கடைசிப் பத்து வினாடி இருக்கும்போது ஒரே ஒரு முறை சொன்னால் போதும். பக்கத்தில் இருந்த இருவர் ஆமாம் ஆமாம் என்றார்கள். சாப்பாடு, ஒரு பை, ஒரு சான்றிதழ், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம்.

ஒன்றரை வருடம் கழித்துச் செயலி வந்தது. ஓடிபி பக்கத்துக்குப் போனேன். ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. மின்னஞ்சல் எழுதினேன், உங்கள் கருத்துக்கு நன்றி, சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. எந்தக் குழு, யார், எப்போது, எதுவும் இல்லை. மறுபடி எழுதினேன், அதே பதில் அதே வார்த்தையில். விளம்பரத்தில் அந்தக் குழுப்படம் இருந்ததாக என் தம்பி சொன்னான். பார்வை மாற்றுத்திறனாளிகளுடன் இணைந்து உருவாக்கப்பட்டது என்று கீழே போட்டிருந்ததாம்.

எனக்குக் கோபம் வந்தது அவர்கள் செய்யவில்லை என்பதற்காக மட்டுமில்லை. செய்ய முடியாததற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம், நேரம் போதவில்லை, பாதுகாப்பு விதி இடம் தரவில்லை, ஏதோ ஒன்று. சொன்னால் புரிந்துகொள்வேன். நான் சொன்னது அந்தச் சுவரிலிருந்து எங்கே போனது, யார் படித்தார், யார் வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்று கேட்க ஓர் ஆளும் இல்லை, ஓர் எண்ணும் இல்லை. இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. அந்தப் பன்னிரண்டு பேரும் நகரத்தில் வேலையில் இருப்பவர்கள், எல்லோரும் ஆங்கிலக் குரல் வைத்திருப்பவர்கள். பாதிப் பார்வை உள்ளவர் ஒருவர்கூட இல்லை, சர்க்கரை நோயால் நடுவயதில் பார்வை போனவர் இல்லை, தமிழ்க் குரலில் மட்டும் கேட்பவர் இல்லை. சோதித்துப் பார்த்ததும் அவர்கள் கொடுத்த கைபேசிகளில், ஆண்ட்ராய்டின் திரைநவிலியான டாக்பேக் எந்த வேகத்தில் வந்ததோ அதே வேகத்தில். ஒரே நாள். அதை வைத்துக்கொண்டு பார்வையற்றோர் இதை விரும்புகிறார்கள் என்று எழுதிவிட்டார்கள்.

என்விடிஏவை இந்த இடத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் குறைகளும் கோரிக்கைகளும், நிரலாளர்கள் மூலநிரலை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி கிடக்கின்றன. ஒரு குறையைப் பதிந்தால் அதற்கு ஒரு எண் விழும். பதிவதற்கான படிவமே உங்களைச் சும்மா விடாது: என்ன செய்தால் இந்தக் கோளாறு வருகிறது என்று படிப்படியாகச் சொல், உண்மையில் என்ன நடந்தது, என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாய், எந்தப் பதிப்பு, எந்த விண்டோஸ், வேறு பதிப்பில் வருகிறதா, என்விடிஏ தானே எழுதிவைக்கும் பதிவேட்டை (லாக்) இணை. முதல் தடவை எனக்கு அலுப்பாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது, ஏனென்றால் அந்தப் படிவம் என் பேச்சைக் கருத்தாக இல்லாமல் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறது. ‘சரியா வேலை செய்யலை’ என்று சொன்னால் அனுதாபம் கிடைக்கும், மூன்று படிகளில் எழுதிக் கொடுத்தால் உலகத்தின் இன்னொரு மூலையில் இருப்பவர் அதையே செய்து பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும்.

அதே கறார் நிரல் எழுதுகிறவர்களுக்கும் உண்டு. யாராவது ஒரு திருத்தத்தைக் கொடுத்தால், எந்த எண்ணுள்ள குறைக்காக, பயனருக்கு என்ன மாறும், எப்படிச் சோதித்தாய், தெரிந்தே விட்டிருக்கிற பிரச்சினை என்ன என்று எழுத வேண்டும். அது மற்றவர்கள் பார்த்த பிறகே உள்ளே போகும். முன்னோட்டப் பதிப்பு, பீட்டா, வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பு என்று படிப்படியாக விடுகிறார்கள், ஒவ்வொன்றையும் அன்றாடம் திரைநவிலியை நம்பி வாழ்கிறவர்களே ஓட்டிப் பார்க்கிறார்கள். வெளியீடு வந்ததும் உதவிப் பட்டியில் ‘புதிதாக என்ன’ என்ற ஆவணத்தைத் திறந்தால் பெரும்பாலான மாற்றங்களின் பக்கத்தில் அந்தப் பழைய எண் இருக்கும். எண்ணைப் பிடித்துப் பின்னால் போனால் முதலில் அதைச் சொன்னவர், மறுத்தவர், பரிசோதித்தவர், எழுதியவர் எல்லோரும் அங்கே இருப்பார்கள். மறுக்கப்பட்டவையும் அப்படியே இருக்கும், காரணத்தோடு.

எனக்கு அப்படி ஒரு மறுப்பு கிடைத்திருக்கிறது. ஒரு கணக்கு மென்பொருளில் ஒரு கட்டத்தைப் படிக்காமல் தாண்டுகிறது என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதிப் பதிந்தேன். யாரென்றே தெரியாத ஒருவர் வந்து பதிவேடு கேட்டார், கொடுத்தேன். கோளாறு அந்த மென்பொருளில்தான், கட்டத்தின் பெயரை அது விண்டோஸுக்கே சொல்வதில்லை, அதனால் எங்களால் வாசிக்க முடியாது என்று விளக்கி மூடிவிட்டார்கள். எனக்கு வேலை ஆகவில்லை. ஆனால் அந்த விளக்கத்தை அப்படியே எடுத்து அந்த மென்பொருள்காரர்களுக்கு அனுப்ப முடிந்தது, எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்தது.

படைத்தவர்கள் பார்வையற்றவர்கள், அதனால்தான் நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. ஆஸ்திரேலியாவில் ஆங்கிலம் பேசும் இரண்டு பார்வையற்றவர்களுக்குத் தமிழ் உயிர்மெய்யைப் பற்றி என்ன தெரியும்? தங்கள் கண்ணில்லாத அனுபவமே எல்லோருடைய அனுபவமும் என்று அவர்கள் நினைத்திருந்தால் இது ஓர் ஆங்கிலப் பொருளாகவே நின்றுபோயிருக்கும். வெளியே இருப்பவர் சொல்வதைப் பதிந்துகொள்ளும் ஒழுங்கைக் கட்டினார்கள், அதனால்தான் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இது இருக்கிறது, தமிழ் உட்பட. வெளியீட்டுக்கு முன் சொற்களை மாற்றாமல் நிறுத்திவைத்து மொழிபெயர்ப்பவர்களுக்கு அவகாசமும் கொடுக்கிறார்கள்.

இந்தச் சிந்தனை புதியது இல்லை. 1970களின் தொடக்கத்தில் நார்வேயில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞரோடு சேர்ந்து, தொழிற்சாலைக்கு வரும் கணினி தங்கள் வேலையை என்ன செய்யும் என்று தாங்களே படித்துத் தெரிந்துகொண்டார்கள். பங்கேற்பு வடிவமைப்பு என்று இன்று சொல்வதன் வேர்களில் ஒன்று அது. அங்கே தொழிலாளி பின்னால் சங்கம் இருந்தது, நிர்வாகத்தோடு எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வந்தது. 1980களில் ஸ்வீடனில் அச்சுத் தொழிலாளர்கள் யுடோப்பியா என்ற திட்டத்தில் அட்டைப்பெட்டியில் ‘லேசர் பிரிண்டர்’ என்று எழுதி வைத்து, அது இருப்பதாக வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தார்கள். அட்டைப்பெட்டியும் ஒட்டுத்தாளும் பெரிய வித்தியாசமில்லாத பொருள்கள்தான். அங்கே அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றவர்களால் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க முடிந்தது. நாங்கள் பன்னிரண்டு பேரும் படத்துக்கு நின்றுவிட்டு வந்தோம்.

நம் ஊரில் சட்டம் இப்போது கொஞ்சம் கை கொடுக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி இருபது கட்டளைகள் பிறப்பித்தது. கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் இ-கேஒய்சி என்ற இணையவழி அடையாளச் சரிபார்ப்பால் அமிலவீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் வங்கிக் கணக்கே தொடங்க முடியாமல் நின்ற வழக்கு அது. அந்தக் கட்டளைகளில் ஒன்று எனக்கு மனப்பாடம்: செயலியோ வலைத்தளமோ வடிவமைக்கும்போதும், புதிய வசதி சேர்க்கும்போதும், வெளியிடுவதற்கு முன் நடக்கும் பயனர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றவர்களைச் சேர்க்க வேண்டும். நல்ல கட்டளை. ஆனால் சேர்த்தோம் என்று காட்ட ஒரு குழுப்படம் போதும் என்று ஆகிவிடக்கூடாது. சோதித்தவர் என்ன சொன்னார், அதை என்ன செய்தீர்கள் என்ற பட்டியலை அவரே படிக்கும் வடிவத்தில் வெளியே வைத்தால்தான் அதற்கு உயிர்.

இனி அந்த அரை மதிப்பெண். என்விடிஏவின் இந்த ஒழுங்கு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. கிட்ஹப்பில் கணக்குத் தொடங்க வேண்டும், அதுவே புதிய திரைநவிலிப் பயனருக்கு ஒரு நாள் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற மாணவனுக்கு ஒரு குறை தோன்றினால் அவன் என்னிடம் சொல்வான், நான் எழுத வேண்டும். நான் எழுதாவிட்டால் அந்தக் குறை உலகத்தில் இல்லை. திறந்த நிலையிலேயே கிடக்கிற குறைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, சில பல வருடங்களாக அப்படியே. முன்னுரிமையை ஒன்றிலிருந்து ஐந்து வரை குறிக்கிறார்கள், நம்முடையது எதனால் பின்னுக்குப் போனது என்பது எல்லா நேரமும் தெளிவாகத் தெரிவதில்லை. ஒரு சிறிய அமைப்பு இத்தனை மொழிக்காரர்களின் பேச்சையும் தானே கேட்க முடியாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழில் சொன்னதை வாங்கி ஆங்கிலத்தில் பதிந்து, எண்ணைச் சொன்னவர் கையில் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டை இங்கே நாமே செய்யலாம். கல்லூரிகளின் கணினித் துறைப் பிள்ளைகள் மனசு வைத்தால் போதும், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், விண்டோஸ் வைத்திருக்கும் எல்லாப் பார்வையற்றவர்களுக்கும். அலுவலகத்தில் ஜாஸ் வாங்கிக் கொடுத்திருந்தாலும் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் படிக்காதது மற்றதில் படிக்கும். செயலி தயாரிக்கிறவர்களும் இதை இறக்கி, திரையை அணைத்துவிட்டு உங்கள் பக்கத்தில் ஒரு முறை பணம் கட்டிப் பாருங்கள். அது எங்களைக் கூப்பிடுவதற்கு மாற்று இல்லை, கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம். பார்வையற்ற நண்பர்களே, அடுத்த தடவை யாராவது பட்டறைக்குக் கூப்பிட்டால், குறிப்புகளை எந்த வடிவத்தில் எங்களுக்கு அனுப்புவீர்கள், எந்தத் தேதிக்குள், யார் கையெழுத்தில் என்று போவதற்கு முன்பே கேளுங்கள். நான் கேட்காமல் போனேன்.

போன சனிக்கிழமை, விசைப்பலகையைத் தடவிக் கேட்டுக்கொண்டிருந்தாளே, அதே பெண், தமிழ்க் கட்டுரை ஒன்றைப் படிக்கும்போது ஓர் இடத்தில் குரல் தப்பாகப் போகிறது என்று சொன்னாள். உட்கார்ந்து எழுதினோம். என்ன செய்தாய், என்ன கேட்டது, இரண்டும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. என்ன கேட்டிருக்க வேண்டும் என்ற இடத்தில்தான் நின்றாள், அதை அவளிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. யோசித்துச் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் அடித்தேன், திரும்பப் படித்துக் காட்டினேன், ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். அனுப்பியதும் என்விடிஏ எண்ணை வாசித்தது. இன்னொரு முறை படிக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து பிரெயில் பலகையையும் எழுத்தாணியையும் எடுத்து அதைக் குத்திக்கொண்டாள்.